இரும்பும் எலும்பும்: ஒரே கதிரின் இரு பணிகள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலைகளில் வாகனங்கள் பெருகும். அருவிக்கரைப் பாறையில் வழுக்கியோ, ஈரச் சாலையில் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்தோ அடிபட்டு வருவோரை மருத்துவர் பெரும்பாலும் எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்வார். அப்பொழுது உடன் வந்தோர் மனத்தில் ஓர் ஐயம் எழும்: இந்தக் கதிர் உடலுக்குத் தீங்கு செய்யாதா? இதே கதிர் இரும்பைச் சோதித்த வரலாற்றை அறிந்தால் இவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்கும்.

ஜெர்மானிய இயற்பியலறிஞர் ரான்ட்ஜன் 1895 நவம்பர் 8 அன்று எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த மாதம் தம் மனைவியின் கையை அவர் படம் பிடித்தது பலரும் அறிந்த செய்தி. மூடிய பெட்டிக்குள் இருந்த எடைக்கற்களையும் அவர் அவ்வாறே படம் பிடித்தார். 1896-இல் அவர் எடுத்த தம் வேட்டைத் துப்பாக்கியின் படத்தில், குழலுக்குள் இருந்த தோட்டாக்கள் தெரிந்தன. மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்கும் உரிய இரு பணிகளும் இவ்வாறு ஒரே கையில் தொடங்கின.

ஆயினும், கனத்த எஃகை ஊடுருவும் ஆற்றல் அன்றைய குழாய்களுக்கு இல்லை. 1913-இல் அமெரிக்கரான வில்லியம் கூலிட்ஜ் அமைத்த புதிய குழாய் அக்குறையைப் போக்கியது. 1922-இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் ஹொரேஸ் லெஸ்டர் என்பவர் சுமார் 2,00,000 வோல்ட் மின்னழுத்தத்தில் எஃகு வார்ப்புகளைப் படம் எடுத்து, அவற்றுள் மறைந்திருந்த குமிழிகளையும் விரிசல்களையும் கண்டார். பின்னர், நீராவிக் கொதிகலன்களின் வெல்டிங் இணைப்புகளைச் சோதிக்கவும் இம்முறை பயன்பட்டது. நம் மாநிலத்தில் திருச்சி பி.எச்.இ.எல். ஆலையில் செய்யப்படும் கொதிகலன்களின் இணைப்புகளும் இவ்வாறு சோதிக்கப்படுகின்றன. இன்று துறைமுகங்களில் கண்டெய்னர் லாரியை முழுமையாகவே ஊடுருவிப் பார்க்கும் கருவிகள் உள்ளன.

இரும்புக்கு உயிரில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு வலிய கதிரைச் செலுத்தினாலும் அதற்கு நோவில்லை. மனித உடல் அவ்வாறன்று. தொடக்க காலத்தில் இவ்வேறுபாட்டை உணராமல் பலர் தம் கைகளையே மீண்டும் மீண்டும் கதிருக்குக் காட்டினர். எடிசனின் உதவியாளரான கிளாரன்ஸ் டாலி அவ்வாறு புற்றுநோய்க்கு ஆளாகி 1904-இல் உயிரிழந்தார். அத்தகைய இழப்புகளிலிருந்து மருத்துவ உலகம் கற்ற நெறி ஒன்றே: தேவைக்கு மட்டும், இயன்ற அளவு குறைவாக.

ரான்ட்ஜன் மனைவியின் கையைப் படம் எடுக்கப் பல நிமிடங்கள் ஆயின. இன்று மார்பு எக்ஸ்ரேக்கு ஒரு நொடியின் சிறு பகுதியே போதும். அதனால் உடல் பெறும் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து நாம் சில நாள்களில் பெறும் அளவே ஆகும். சி.டி. ஸ்கேனில் அளவு கூடும். ஆகையால் தேவையெனக் கண்டால் மட்டுமே மருத்துவர் அதனைப் பரிந்துரைப்பார்.

வலிய கதிருக்கும் மருத்துவத்தில் இடமுண்டு. வெல்டிங் இணைப்பைச் சோதிக்கும் இரிடியம்-192 என்னும் கதிரியக்கப் பொருளே, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உள்ளிருந்து அளிக்கும் கதிர் சிகிச்சையிலும் பயன்படுகிறது. அங்கே நோயுற்ற இடத்தை மட்டும் குறிவைத்து, அளவு கணக்கிட்டு அளிக்கப்படுகிறது.

எக்ஸ்ரே அறைக்குச் செல்வோர் சிலவற்றை நினைவிற்கொள்வது நலம். உலோகம் கதிரைத் தடுத்து எலும்பின் நிழலை மறைக்கும். எனவே படம் எடுக்கும் இடத்திலுள்ள சங்கிலி, வளையல், தாயத்து, அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். கழற்ற இயலாதவை இருப்பின் பணியாளரிடம் சொல்லுங்கள். கருவுற்றிருந்தாலும், அவ்வாறு இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும் முன்னரே தெரிவியுங்கள். அசைந்தால் படம் மங்கி, மறுபடி எடுக்க நேரிடும். பழைய படங்களைக் கொண்டுவந்தால் வீண் படங்களைத் தவிர்க்கலாம். உடன் வந்தோர் வெளியே காத்திருப்பதே முறை.

எக்ஸ்ரே எடுத்தபின் உடலில் கதிர் எதுவும் தங்குவதில்லை. குழந்தையைத் தூக்கவோ, பாலூட்டவோ தயங்க வேண்டியதில்லை.