ஊருக்குப் போகும் வழியில் கார் விளக்கு அணைந்தால்...?

மைசூர் அரண்மனையில் ஞாயிறு மாலை விளக்குப் போட்டால், ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகள் ஒரே நேரத்தில் எரியும். நகரமே திரண்டு நின்று பார்க்கும். அந்த லட்சத்தில் பத்து எரியாவிட்டாலும் யாருக்கும் தெரியாது.

ஆனால், மைசூரிலிருந்து ஊருக்குப் புறப்படும் காருக்கு முன்னால் இருப்பது இரண்டே விளக்குகள். அவை அணைந்தால் வண்டியில் இருக்கும் ஐந்து பேரின் உயிரும் இருட்டில் நிற்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. மைசூர்த் தமிழர்கள் ஊருக்குப் போகும் வழி அப்படிப்பட்டது. நஞ்சன்கூடு வரை ஒரே சாலை. அங்கிருந்து ஒரு வழி குண்டல்பேட்டை, பந்திப்பூர் காடு வழியாக நீலகிரிக்குப் போகிறது. இன்னொரு வழி சாமராஜநகர், ஆசனூர் வழியாகத் திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சத்தியமங்கலம் சேர்கிறது. இரண்டும் யானை நடமாடும் காடு. இரண்டிலும் தெருவிளக்கு கிடையாது.

பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை 2009-ல் வந்தது. திம்பம் பாதையிலும் உயர் நீதிமன்ற உத்தரவினால் 2022 பிப்ரவரியில் இரவுத் தடை அமலுக்கு வந்தது. இதனால் ஒரு புதிய அவசரம் பிறந்தது. மேட்டகள்ளியிலும் ஹெப்பாலிலும் வேலை முடிந்து மாலை ஐந்தரைக்குக் கிளம்புகிறவர், கேட் மூடுவதற்குள் காட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று பறக்கிறார். குண்டல்பேட்டையை அடையும்போதே இருட்டிவிடுகிறது. விளக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பொழுது இல்லை.

முதலில் பல்பு வாங்காதீர்கள்!

விளக்கு எரியவில்லை என்றதும் பலர் செய்வது, கடைக்குப் போய்ப் புதுப் பல்பு வாங்குவது. பல்பு போட்டும் எரியாது. பிறகு பியூஸ் வாங்குவார்கள். பிறகு ரிலே. கடைசியில் பார்த்தால், துருப்பிடித்த ஒரு போல்ட்தான் காரணமாக இருக்கும்!

பாட்டரியில் புறப்படும் மின்சாரம் பியூஸ், ரிலே, பல்பு ஹோல்டர், பல்பு, பிறகு அர்த்திங் என்று ஒவ்வொரு இடமாகக் கடந்து பாட்டரிக்கே திரும்புகிறது. ரிலேயை இயக்குவது ஸ்விட்ச். இந்த வழியில் எங்கோ ஓர் இடத்தில்தான் மின்சாரம் நின்றுபோயிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு முதல் கேள்வி: எது எரியவில்லை?

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லையானால், கோளாறு பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். பல்பு, ஹோல்டர், அந்தப் பக்கத்து அர்த்திங், அல்லது அந்தப் பக்கத்துக்கென்று தனியாக உள்ள பியூஸ்.

இரண்டு பக்கமும் ஒரே நொடியில் அணைந்தால், இரண்டுக்கும் பொதுவான இடத்தைப் பார்க்க வேண்டும். பியூஸ், ரிலே, ஸ்விட்ச், பொது அர்த்திங்.

ஹை பீம் எரிகிறது, லோ பீம் எரியவில்லை என்றால், பல்புக்குள் ஓர் இழை மட்டும் அறுந்திருக்கலாம். பெரும்பாலான கார்களில் இருக்கும் ஹாலோஜன் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று 60 வாட், மற்றது 55 வாட். டிம்மர் ஸ்விட்ச் கெட்டிருந்தாலும் இப்படி ஆகும். பழைய அம்பாசடர் கார்களில் டிம்மர் ஸ்விட்ச் காலடியில் இருந்தது. மண்ணும் மழைத்தண்ணீரும் பட்டு அது கெடுவது வாடிக்கை.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. "இரண்டு பல்பும் ஒரே நாளில் போய்விட்டது" என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் ஒரு பல்பு இரண்டு மாதத்துக்கு முன்பே போயிருக்கும். நகரத்துத் தெருவிளக்கு வெளிச்சத்தில் அவர் கவனித்திருக்க மாட்டார்!

காசில்லாத சோதனை

ஒரு பக்கம் மட்டும் எரியாதபோது, இடது பல்பை வலப்பக்கமும் வலது பல்பை இடப்பக்கமும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கோளாறு பல்போடு சேர்ந்து இடம் மாறினால், பல்புதான் கெட்டது. கோளாறு பழைய பக்கத்திலேயே நின்றால், பல்பு நல்லது; ஹோல்டரையும் வயரையும் பார்க்க வேண்டும்.

பல்பைக் கழற்றுமுன் விளக்கை அணைத்து ஆறவிட வேண்டும். கண்ணாடிப் பகுதியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடாகி, பல்பின் ஆயுள் குறையும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிடலாம்.

ரிலேக்கும் இதே வழிதான். பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் ஹெட்லைட் ரிலேயும் ஒரே மாதிரி. மூடியில் உள்ள படத்தைப் பார்த்து ஒரே மாதிரி இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஸ்விட்சைப் போடும்போது 'டிக்' என்று சத்தம் கேட்டால் ஸ்விட்ச் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் 'டெஸ்ட் லேம்ப்' மிக எளிய கருவி. ஒரு சிறிய 12 வோல்ட் பல்பு, இரண்டு வயர், ஒரு கிளிப். அவ்வளவுதான். கிளிப்பைப் பாட்டரியின் மைனஸில் மாட்டி, விளக்கைப் போட்டு, மறுமுனையால் பல்பு ஹோல்டரைத் தொட வேண்டும். எரிந்தால் மின்சாரம் அதுவரை வந்துவிட்டது. கிளிப்பை பிளஸில் மாற்றி ஹோல்டரின் அர்த்திங் முனையைத் தொட்டும் எரிந்தால், அர்த்திங்கும் சரி. இந்தச் சோதனை ஹாலோஜன் பல்புக்கு மட்டும். எல்.இ.டி. விளக்குள்ள புதிய கார்களில் பியூஸை மட்டும் பார்த்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவதே நல்லது.

சிகரெட் தாளும் செப்புக் கம்பியும்

பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பது ஒரு காலத்தில் சாமர்த்தியமாகக் கருதப்பட்டது. அது சாமர்த்தியம் அல்ல. வண்டிக்குத் தீ வைக்கும் வேலை. வயர் எரிவதற்கு முன் தான் எரிந்து வண்டியைக் காப்பாற்றுவதே பியூஸின் கடமை. கார்களில் பரவலாக உள்ள தகட்டு பியூஸ்களில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பு இருந்த இடத்தில் சிவப்பைத்தான் போட வேண்டும். போட்ட உடனே மறுபடி எரிந்தால் வயர் எங்கோ உராய்ந்து பாடியில் தொடுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் பெரிய பியூஸ் போடுவது ஆபத்து.

இன்னொரு ஆபத்து, அதிக வெளிச்ச ஆசை. 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். அதே இடத்தில் 100 வாட் பல்பு போட்டால் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வயரிலும் ஹோல்டரிலும் உண்டாகும் சூடு ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும்! ஹோல்டர் பழுப்பேறி உருகும். ஒருநாள் இரவு தொடர்பு அறுந்து விளக்கு அணையும். வெளிச்சத்துக்காகப் போட்ட பல்பே இருட்டைக் கொண்டுவரும். எதிரே வரும் டிரைவரின் கண் கூசுவது தனிப் பாவம்.

அர்த்திங்கையும் மறக்கக் கூடாது. மைசூர் யாதவகிரியில் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதன் 6 வோல்ட் விளக்கு, ஒரு முனை கொஞ்சம் துருப்பிடித்தாலே மஞ்சளாக மங்கிவிடும். காரிலும் விளக்கு மங்கலாக எரிந்தால் அர்த்திங் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிப் பார்க்க வேண்டும். எஞ்சினை வேகப்படுத்தும்போது மட்டும் வெளிச்சம் கூடினால் பாட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் சோதிக்க வேண்டும்.

கடையில் இதைச் சொல்ல மொழி ஒரு தடையல்ல. பல்பு, பியூஸ், ரிலே, அர்த்திங் எல்லாம் தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றுதான். "லைட் எரியவில்லை" என்று மட்டும் சொல்வதைவிட, "பல்பை மாற்றிப் பார்த்தேன், வலது ஹோல்டருக்குக் கரண்ட் வரவில்லை" என்று சொன்னால் நேரமும் காசும் மிச்சம்.

நடுவழியில் அணைந்தால்...

ஓடும்போது விளக்கு அணைந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. பின்னால் வருகிறவர் மோதிவிடுவார். வேகத்தைக் குறைத்து, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, மெல்ல இடது ஓரம் வர வேண்டும். ஹை பீம் போட்டுப் பார்க்கலாம். 'பாஸ்' கொடுக்கும் நெம்பை இழுத்தும் பார்க்கலாம். பல கார்களில் அதற்கு வேறு வழியாக மின்சாரம் வருவதால் வண்டியை ஓரங்கட்டும் வரையாவது வெளிச்சம் கிடைக்கும்.

செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதும், முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கை நம்பிப் பின்தொடர்வதும் வேண்டாம். காட்டுக்குள் வண்டியை விட்டு இறங்கி பானெட்டைத் திறப்பதும் கூடாது. யானை நிற்பது இருட்டில் தெரியாது.

ஆகையால் சோதனை செய்ய வேண்டிய இடம் காடு அல்ல, வீட்டு வாசல். புறப்படுவதற்கு முந்தின நாள் இருட்டும் நேரத்தில் காரைச் சுவருக்கு எதிரே இருபது, இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தி, லோ பீம், ஹை பீம் இரண்டையும் போட்டுப் பார்த்தால் போதும். ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஒரு பல்பு, நாலு பியூஸ், ஒரு டார்ச் ஆகியவை டேஷ்போர்டுப் பெட்டியில் இருக்கட்டும்.

அப்படியும் குண்டல்பேட்டையிலோ சாமராஜநகரிலோ விளக்கு தகராறு செய்தால், வெளிச்சமுள்ள ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, ஊருக்கு ஒரு போன் போட்டுவிட்டு, விடியும் வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம். பண்டிகைக்கு ஒரு வேளை பிந்திப் போனால் அம்மா கோபித்துக்கொள்வார். காலைப் பலகாரத்தோடு அந்தக் கோபமும் தீர்ந்துவிடும்.