சேலைக் குஞ்சத்தை வெட்டாத கருவி எது?

அமேசானில் ஒரு பொருளை ஏற்றுகிறீர்கள் என்றால், முதல் படத்தின் பின்னணி அப்பழுக்கில்லாத வெள்ளையாக இருக்க வேண்டும். படத்தில் 85 சதவீதத்தைப் பொருளே நிறைத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்தபடி சேலை விற்பவரை ஸ்டூடியோவுக்கு அலையவிட இந்த ஒரு விதி போதும். எதற்கெடுத்தாலும் சாட்ஜிபிடியிடம் போய் நிற்கும் நம்மவர்கள் பலருக்கு, இந்த வேலைக்கென்றே பாரிஸில் ஒரு நிறுவனம் இருப்பது தெரியாது. 2019இல் தொடங்கிய அதன் பெயர் போட்டோரூம். மொபைலில் எடுத்த படத்தின் பின்னணியை நொடிகளில் நீக்கிவிடும்.

ஆனால் முந்தானைக் குஞ்சத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். மெல்லிய நூல்களைப் பின்னணி என்று நினைத்து இத்தகைய செயலிகள் நறுக்கிவிடுவதுண்டு. 'மாடலுக்கு உடுத்திக் காட்டு' என்று ஏஐயிடம் கேட்டால் இன்னும் மோசம்: உங்கள் கரையை விட்டுவிட்டு, தானாக ஒரு கரையை வரைந்து வைக்கும். பார்சலைப் பிரிப்பவர் சும்மா இருப்பாரா? மறுநாளே ரிட்டர்ன். பின்னணியோடு நிறுத்திக்கொள்வதே என் கட்சி.

ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்பவர்கள் கொலோன் நகரத்து டீப்எல்லைப் பார்க்கலாம். 2017இல் வந்த மொழிபெயர்ப்புக் கருவி. ஜெர்மனில் மரியாதையாகப் பேசுவதா, உரிமையோடு பேசுவதா என்பதையும் அதில் தேர்ந்தெடுக்கலாம். இலவசப் பதிப்பில் போடும் வாசகங்களை நிறுவனம் தன் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதால், விலைப்புள்ளியையும் வாடிக்கையாளர் முகவரியையும் அங்கே ஒட்டாதீர்கள்.

எந்தக் கருவியானாலும் அதன் உரிமத்தையும் படிக்க வேண்டும், அலுப்பான வேலைதான். ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் லேப்ஸ் 2024 ஆகஸ்டில் ஃபிளக்ஸ் என்ற பட மாடலை வெளியிட்டது. அதில் 'ஷ்னெல்' வகையை வணிகத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். 'டெவ்' வகையைத் தொழிலுக்காகச் சொந்தக் கணினியில் ஓட்டுவதென்றால் தனி உரிமம் வாங்க வேண்டும்.

சீனக் கருவிகள் என்றதும் 2020 ஜூன் 29 நினைவுக்கு வரும். அன்று இந்தியாவில் தடையான 59 செயலிகளில், கடைக்காரர்கள் பில் ஸ்கேன் செய்துவந்த கேம்ஸ்கேனரும் ஒன்று. 2025 ஜனவரியில் வந்த டீப்சீக் ஆர்1 என்ற ஏஐ மாடலின் கதை கொஞ்சம் வேறு. அதன் செயலியில் தட்டுவதெல்லாம் சீன சர்வருக்குப் போகும். மாடலையோ எம்ஐடி உரிமத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம்; நாளை செயலிக்குத் தடை வந்தாலும் இறக்கிய கோப்பு நம்மிடம் இருக்கும். முழு மாடல் வீட்டுக் கணினியில் ஓடாது. அதிலிருந்து வடித்த சிறிய வகைகள், நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்பில் ஓடும். ஆங்கிலத்தில் பொருள் விவரம் எழுத அவை போதும். தமிழில் எழுதச் சொன்னால் சொதப்பும்.