மின்சாரம் போன பிறகு மூன்று நிமிடம்

கணினிக்கு யு.பி.எஸ். எதற்கு என்று கேட்டால், கரன்ட் போனாலும் வேலை பார்க்கலாமே என்பார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் மருந்துக் கடை, ரத்தப் பரிசோதனை நிலையம், வக்கீல் அலுவலகம் என்று பல இடங்களில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். என்னைக் கேட்டால், கணினியை முறையாக அணைக்கத் தேவையான சில நிமிடங்களை வாங்கித் தருவதற்குத்தான் அந்தப் பெட்டி.

நம் கடைகளில் அதிகம் விற்பது 600 வி.ஏ. பெட்டி. அது தாங்குவது சுமார் 360 வாட். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி ஒன்று இருக்கும். புதிதில் ஒரு கணினியையும் திரையையும் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டும். மதியம் இரண்டு மணிக்குக் கரன்ட் போய், ஊழியர்கள் சாப்பிடப் போயிருந்தால்? பெட்டி கீச்கீச்சென்று கத்தும், பேட்டரி தீரும், கணினி பட்டென்று அணையும். அந்த நொடியில் நோயாளிகளின் பரிசோதனை முடிவுகள் பாதி வட்டில் எழுதப்பட்டும், மீதி நினைவகத்தில் நின்றும் இருக்கலாம். நினைவகத்தில் இருந்தது போய்விடும். பாதி எழுதிய கோப்பு திறக்காமலும் போகலாம்.

“அதான் யு.பி.எஸ். வாங்கி வெச்சிருக்கோமே தம்பி?” என்று பரிசோதனை நிலையத்து அக்கா ஒருவர் கேட்டார். “பெட்டி இருக்குக்கா, ஆனா கரன்ட் போனதைக் கம்ப்யூட்டருக்கு யாரு சொல்றது?” என்றேன். சொல்வது ஒரு யு.எஸ்.பி. ஒயர். பல பெட்டிகளில் பின்பக்கம் அதற்கென ஒரு துளை உண்டு. விலை குறைந்த சிலவற்றில் அது இருக்காது. விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, துளை உள்ளதையே வாங்குங்கள்.

நல்ல பெட்டியாக இருந்தால், ஒயரைச் செருகியதும் விண்டோஸ் அதைப் பேட்டரியாகவே அடையாளம் காணும். மடிக்கணினியில் தெரிவதுபோல் கீழே பேட்டரிப் படம் வரும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு, அதற்குள் பேட்டரி. அங்கே கிரிட்டிக்கல் லெவல் வழக்கமாக 5 சதவீதத்தில் இருக்கும். மடிக்கணினிக்கு அது சரி. ஈய பேட்டரிக்கு 5 சதவீதம் என்பது கடைசி மூச்சு. பழைய பேட்டரி 30 சதவீதத்தில் இருந்தே சட்டென்று விழுந்துவிடும். நான் 40 வைக்கிறேன். அந்த அளவை எட்டியதும் செய்ய வேண்டியதாக ஹைபர்நேட்டைத் தேர்ந்தெடுத்தால், பாதியில் நிற்கும் பில் கூட அப்படியே திரும்பக் கிடைக்கும்.

லினக்ஸ் கணினி என்றால் இரண்டு இலவச மென்பொருள்கள் உண்டு: ஏ.பி.சி. நிறுவனப் பெட்டிகளுக்கு ஏபிசியுபிஎஸ்டி, பல நிறுவனங்களின் பெட்டிகளுக்கும் நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ், சுருக்கமாக நட். முதலாவதில் எனக்குப் பிடித்தது, அணைப்பதற்கு மூன்று நிபந்தனைகளை ஒன்றாக வைக்கலாம் என்பது. பேட்டரி 5 சதவீதத்துக்கு இறங்கினாலோ, இன்னும் 3 நிமிடம்தான் தாங்கும் என்று பெட்டி சொன்னாலோ, கரன்ட் போய் இத்தனை விநாடி ஆனாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது அணைக்கும். மூன்றாவதான விநாடிக் கணக்கு முதலில் பூஜ்யத்தில், அதாவது வேலை செய்யாமல் இருக்கும். நான் முதலில் மாற்றுவது அதைத்தான்: 180. விலை குறைந்த பல பெட்டிகள் சதவீதத்தைச் சொல்வதே இல்லை. மின்னழுத்தத்தை மட்டும் சொல்ல, மென்பொருள்தான் அதிலிருந்து சதவீதத்தை ஊகிக்கிறது. அந்த ஊகத்தைவிடக் கடிகாரத்தை நம்பலாம். எங்கள் பக்கம் கரன்ட் போனால் ஒரு நிமிடத்தில் வரும், இல்லையென்றால் நெடுநேரம் வராது. மூன்று நிமிடம் காத்திருந்து அணைத்துவிடுவதில் நஷ்டமே இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது பூட்டிய கடைகளில் எத்தனையோ கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த இருட்டில் கடையைத் திறந்து கணினியை அணைக்க யார் போவார்கள்?

ஒரே பெட்டியில் இரண்டு, மூன்று கணினிகள் இருந்தால் நட் மிகவும் உதவும். ஒயர் செருகிய கணினி தலைமை. மற்றவை வலையமைப்பு வழியாக, 3493 என்ற போர்ட்டில் அதனிடம் கேட்டுக்கொண்டே இருக்கும். பேட்டரி தீரும் நிலையில் தலைமை அறிவிக்கும், மற்றவை முதலில் அணையும். சாதாரணமாக 15 விநாடி வரை அவற்றுக்காகக் காத்திருந்து, பிறகு தானும் அணையும். இந்த ஏற்பாட்டில் பலர் விட்டுவிடுவது நெட்வொர்க் ஸ்விட்ச். அந்தச் சின்னப் பெட்டியைச் சுவரில் நேரடியாகச் செருகியிருப்பார்கள். கரன்ட் போனதும் அதுவும் போய்விடும், அறிவிப்பு யாருக்கும் எட்டாது. அதையும் யு.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள். லேசர் பிரின்டரை மட்டும் மாட்டவே கூடாது. அதன் ஹீட்டர் இழுக்கும் மின்சாரத்தை 360 வாட் பெட்டி தாங்காது.

இன்னொரு சிக்கல் உண்டு. கணினி அணைந்துகொண்டிருக்கும்போதே கரன்ட் திரும்பினால்? பெட்டி மின்சாரத்தை நிறுத்தவே இல்லை என்பதால், மின்சாரம் போய் வந்ததைக் கணினி உணராது. யாராவது பொத்தானை அழுத்தும் வரை அணைந்தே கிடக்கும். ஆளில்லாத இடத்தில் இது பெரிய தலைவலி. அதனால் கணினி அணைந்த பிறகு பெட்டியும் தன் வெளியீட்டைச் சற்று நேரம் துண்டிக்கும்படி மென்பொருளில் சொல்ல வேண்டும். கூடவே பயோஸில், மின்சாரம் திரும்பியதும் தானாக எழும் அமைப்பைப் போட வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

எல்லாம் செய்தபின் சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த் இணைப்பும் போய்விடும். யு.பி.எஸ். செருகிய சுவர் சுவிட்சை அணைத்தால் போதும். முதல் முறை யு.பி.எஸ்.ஸில் கணினிக்குப் பதில் ஒரு குண்டு பல்பை மாட்டி, கணினியை வேறொரு சுவர் சுவிட்சில் நேரடியாக மாட்டி விடுங்கள். ஒயர் மட்டும் இணைந்திருக்கட்டும். சொன்ன நேரத்தில் கணினி அணைகிறதா, பிறகு பல்பும் அணைகிறதா என்று பார்த்த பிறகு உண்மையான சுமையை மாற்றலாம். பேட்டரியைப் புதிதாகப் போடும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அதனால் பெட்டியை வெயில் விழும் ஜன்னலடியில் வைக்காதீர்கள், மாற்றிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.