வால்வுகளில் கசிவுத் தடுப்பு

வால்வுகளில் கசிவுத் தடுப்பு என்பது, குழாய்களில் செல்லும் நீர், நீராவி, எண்ணெய், வளிமம் முதலிய பாய்மங்கள் வால்வின் வழியே வெளியேறாமலும், வால்வு மூடியிருக்கும்போது மறுபக்கம் செல்லாமலும் தடுக்கும் முறைகளைக் குறிக்கும். வால்வு தமிழில் அடைப்பிதழ் எனவும் வழங்கப்படுகிறது. வீட்டுக் குழாயில் நீர் சொட்டினால் நீர்தான் வீணாகும். தொழிற்சாலையில் உயரழுத்த நீராவியோ நச்சு வளிமமோ கசிந்தால் அது உயிருக்கு ஆபத்தாகும்.

கசியும் இடங்கள்

வால்வில் கசிவு மூன்று இடங்களில் ஏற்படலாம்.

1. இருக்கை: மூடும் தட்டு வந்து அமரும் வளையம்.
2. உடலும் மேல்மூடியும் சேரும் இணைப்பு.
3. தண்டு: கைச்சக்கரத்தையும் தட்டையும் இணைக்கும் பகுதி.

இருக்கையில் தட்டும் வளையமும் பொருந்துமாறு மிக நுண்ணியதாகத் தேய்த்து மெருகேற்றப்படுகின்றன. நீராவி அரிக்காதிருக்க, அப்பரப்புகளின் மீது கோபால்ட்-குரோமியம் கலப்புலோகம் பற்றவைப்பு முறையில் பூசப்படுவதுண்டு. மேல்மூடி இணைப்பில் கேஸ்கட் வைத்து, திருகாணிகள் சீராக இறுக்கப்படுகின்றன.

தண்டின் அடைப்பு

தண்டு நகர வேண்டும்; ஆயினும் அதனைச் சுற்றி இடைவெளி இருத்தல் கூடாது. ஆகவே இதுவே கடினமான இடமாகும். தண்டைச் சுற்றியுள்ள குழிவில் பேக்கிங் எனப்படும் வளையங்கள் அடுக்கப்பட்டு, கிளாண்ட் என்னும் உறுப்பினால் அழுத்தப்படுகின்றன. வளையங்களின் வெட்டுவாய்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்தால் அதுவே கசிவுப் பாதையாகிவிடும்; எனவே அவை மாற்றி மாற்றி வைக்கப்படுகின்றன. கிளாண்டை அளவுக்கு மீறி இறுக்கினால் தண்டு திரும்பாது, வளையங்களும் விரைவில் தேயும்.

முன்னர் பேக்கிங் செய்யக் கல்நார் பெரிதும் பயன்பட்டது. அதன் தூசி நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்குவதால், வெப்பம் மிகுந்த இடங்களில் கிராபைட்டும், சுமார் 260 பாகை செல்சியசு வரை டெஃப்லானும் அதன் இடத்தைப் பெற்றுள்ளன.

சிறிதும் கசியக்கூடாத பாய்மங்களுக்குத் துருத்தி வால்வு பயன்படுகிறது. இதில் மடிப்புகள் கொண்ட மெல்லிய உலோகக் குழல் ஒன்று தண்டைச் சூழ்ந்து, இரு முனைகளிலும் பற்றவைக்கப்பட்டிருக்கும். தண்டு மேலும் கீழும் நகரும்போது துருத்தி விரிந்து சுருங்கும்.

கல்பாக்கம் நிகழ்வு

கல்பாக்கத்தில் 1985 இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைச் சோதனை உலையில் குளிர்விப்பானாகத் திரவச் சோடியம் பயன்படுகிறது. சூடான சோடியம் காற்றில் தீப்பற்றும். நீருடன் கடுமையாக வினைபுரியும். எனவே அங்கு துருத்தி வால்வுகள் பொருத்தப்பட்டன. எனினும் 2002 ஏப்ரலில் சோடியத் தூய்மிப்புச் சுற்றில் சுமார் 75 கிலோகிராம் சோடியம் கசிந்தது. துருத்தி வால்வு ஒன்றின் உடற்பகுதியில் இருந்த உற்பத்திக் குறைபாடே இதற்குக் காரணமாகும். தண்டை எவ்வளவு நன்றாக அடைத்தாலும், ஏனைய பகுதிகளையும் சோதிக்க வேண்டியதன் தேவையை இந்நிகழ்வு காட்டுகிறது.

சோதனை

திருச்சிராப்பள்ளியில் உள்ள பாரத மிகுமின் நிறுவன ஆலை, கொதிகலன்களுடன் உயரழுத்த வால்வுகளையும் உருவாக்குகிறது. பொதுவாக வால்வுகள் ஆலையை விட்டு வெளியேறுமுன் இரு சோதனைகளுக்கு உட்படுத்தப்படுகின்றன. உடற்பகுதி, அனுமதிக்கப்பட்ட அழுத்தத்தைப் போல் 1.5 மடங்கு நீரழுத்தத்தில் சோதிக்கப்படுகிறது. பின்னர் வால்வு மூடப்பட்டு, 1.1 மடங்கு அழுத்தத்தில் இருக்கை சோதிக்கப்படுகிறது.