காரை இறக்கினார்... மேட்டில் மாட்டினார்!

சிக்னலில் அந்தக் கார் வந்து நின்றால் பக்கத்து ஆட்டோ டிரைவர் குனிந்து பார்ப்பார். "என்ன சார், நாலு வீலும் பஞ்சரா?" என்று கேட்பார்.

பஞ்சர் இல்லை. காரை வேண்டுமென்றே தரையோடு தரையாக இறக்கி வைத்திருக்கிறார்கள்!

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் வாலிபர்களில் சிலருக்கு, வாங்கிய கையோடு அதன் உயரத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிடுகிறது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளியே தெரியக்கூடாது. "நாலு விரல் நுழைஞ்சா அது டாக்சி, ஒரு விரல் நுழைஞ்சாத்தான் ரேஸ் கார்" என்பது இவர்கள் கணக்கு.

வேளச்சேரிப் பக்கம் குடியிருக்கும் ஒரு வாலிபருக்கும் இந்த ஆசை வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். செகண்ட் ஹேண்டில் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். தினமும் ஆபீசுக்கு அதில்தான் போய் வர வேண்டும். வேறு கார் கிடையாது. வம்பு அங்கேதான் ஆரம்பமானது.

மரை திருகினால் போதும்!

முன்பெல்லாம் காரை இறக்க வேண்டும் என்றால் ஸ்பிரிங்கையே வெட்டுவார்கள். வெட்டியது வெட்டியதுதான். இப்போது வருவது 'காயில் ஓவர்'. ஷாக் அப்சார்பர் குழாயின் வெளிப்பக்கத்தில் மரை ஓடுகிறது. அதன் மேல் ஒரு வளையம். வளையத்தின் மேல் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறது. வளையத்தைக் கீழே திருகினால் கார் இறங்கும். மேலே திருகினால் ஏறும். கொக்கி போல ஒரு ஸ்பானரும் ஜாக்கியும் இருந்தால் போதும்.

விலை கூடிய ரகத்தில் குழாயின் அடிப்பாகமே தனியாகத் திருகும். அதில் ஸ்பிரிங்கைத் தொடாமலேயே உயரத்தைக் குறைக்கலாம். ஷாக் மேலும் கீழும் போய்வரும் தூரம் குறையாது. தினசரி ஓட்டுகிறவர்கள் காசு பார்க்காமல் வாங்க வேண்டியது இதைத்தான்.

நம் வாலிபர் வாங்கியது மலிவு ரகம்.

"எவ்வளவு தம்பி இறக்கணும்?" என்று கேட்டார் மெக்கானிக்.

"நாலு சென்டிமீட்டர் இறக்குங்கண்ணே."

"வேணாம் தம்பி. ரெண்டோட நிறுத்திக்கலாம்."

வாலிபர் கேட்கவில்லை. தரையிலிருந்து 13 செ.மீ. உயரத்தில் இருந்த கார் 9 செ.மீ.க்கு வந்தது. சாயங்காலம் வெயிலில் நிறுத்திப் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாகத்தான் இருந்தது!

தெருமுனையில் 'டமார்'!

அன்று ராத்திரியே விஷயம் தெரிந்துவிட்டது. அவர் வீட்டுத் தெருமுனையில் ஒரு வேகத்தடை. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. அகலம் ஒரு முழம். உயரம் 11 செ.மீ. முன்சக்கரம் தாண்டியது. அடுத்த வினாடி 'டமார்' என்று சத்தம். என்ஜினுக்கு அடியில் ஆயில் சம்ப் விரிந்து, ரோடெல்லாம் எண்ணெய்! என்ஜினை உடனே நிறுத்தியதால் தப்பியது. அரை நிமிஷம் ஓடவிட்டிருந்தால் என்ஜினே போயிருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முறைப்படி போட்ட வேகத்தடை இந்தக் காரை ஒன்றும் செய்திருக்காது! இந்திய சாலைக் காங்கிரஸ் விதித்த அளவு: அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 செ.மீ. அவ்வளவு அகலமான மேட்டில் காரின் நான்கு சக்கரங்களும் மேலேயே நிற்கும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 2.7 மீட்டர் உள்ள காருக்கு, வயிற்றுக்கு அடியில் துருத்தும் மேடு சுமார் 5½ செ.மீ.தான். 9 செ.மீ. கார் மெதுவாகப் போனால் தாராளமாகத் தாண்டும். ஒரு முழ அகலத்துக்குத் தாரைக் கொட்டி வைக்கிற மேட்டில்தான் காரின் வயிறு கிழிகிறது. அதே மேட்டில் ராத்திரி ஸ்கூட்டரில் வருகிறவர் தூக்கி எறியப்படுவதும் உண்டு. அவர் காரை இறக்கியவர் அல்ல.

"இறக்கினா கார் வளைவில் சாயாது, ரோட்டைப் பிடிச்சு ஓடும்" என்று வாலிபர் நம்பியிருந்தார். ஓரளவுக்குத்தான் அது உண்மை. கொஞ்சம் இறக்கினால் எடை தாழ்ந்து, சாய்வு குறையும். அளவுக்கு மீறி இறக்கினால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை, படுக்கையாக இருந்தது மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது. சாதாரண ஸ்டிரட் வைத்த கார்களில் அப்போது சாய்வு குறைவதற்குப் பதில் கூடத்தான் செய்யும். பள்ளத்தில் விழுந்தால் ஷாக் அடி தட்டும். முதுகெலும்பு பதில் சொல்லும்!

அவர் செய்த இன்னொரு தப்பு, இறக்கியபின் வீல் அலைன்மென்ட் பார்க்காதது. உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும். இரண்டே மாதத்தில் டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகிவிட்டது. ஹெட்லைட்டையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும்.

ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்?

தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. விபத்து நடந்தால் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கவும் இடம் உண்டு. ஸ்பானர் பிடிக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொள்வது நல்லது. நம் வாலிபர் கேட்டது சம்ப் உடைந்த பிறகு!

மறுபடியும் மெக்கானிக்கிடமே போனார். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. மெக்கானிக் டேப்பை எடுத்தார். நாலு மூலையிலும் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வரை அளந்தார். வளையங்களை மேலே திருகினார். 11½ செ.மீ.யில் நிறுத்தினார். ஷாக்கின் குமிழையும் நாலு 'கிளிக்' தளர்த்திவிட்டார். "ஒரு வாரம் ஓட்டிட்டு வா தம்பி. ஸ்பிரிங் உட்காரும், மறுபடி அளக்கணும்" என்றார்.

இப்போது தெருமுனை மேட்டுக்கும் காருக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் மிச்சம். ஒரு சக்கரத்தை முதலில் ஏற்றி, காரைக் கோணலாகத் திருப்பித்தான் தாண்டுகிறார். பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.

அதுவும் ஆள் ஏறாமல் இருந்தால்தான். வெள்ளிக்கிழமை அம்மாவைக் கோவிலுக்கு அழைத்துப் போகும்போது அந்த அரை சென்டிமீட்டரும் இருப்பதில்லை. மேடு வருவதற்கு முன்பே அம்மா கதவைத் திறந்து இறங்கிவிடுகிறார்.

"நீ தாண்டுடா. நான் நடந்தே வந்துடறேன்."