பழைய அலுமினியப் படகுக்கு மெருகும் காப்பும்

அலுமினியப் பாத்திரம் புழங்காத சமையலறை நம்மிடையே குறைவு. வாங்கி வந்த நாளில் வெள்ளிபோல் மின்னிய பானை, சில மாதங்கள் தண்ணீர் கொதிக்க வைத்ததும் உட்புறம் கறுத்துப் போகிறது. அதே பானையில் ஒரு நாள் புளி கரைத்துக் குழம்பு வைத்தால், கறுப்பு நீங்கிப் பளிச்சென்று ஆகிவிடுகிறது. பானை சுத்தமாகிவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். உண்மையில் நடந்தது வேறு. பானையின் மேல்தோலைப் புளியின் அமிலம் கரைத்து எடுத்துவிட்டது.

இந்தச் சிறு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், இன்று நாம் பேசப்போகும் பொருள் எளிதில் விளங்கும். வர்ணம் பூசாத பழைய அலுமினியப் படகைத் தேய்த்து மெருகேற்றுவது எப்படி? மெருகேற்றியபின் அதைக் காப்பது எப்படி? இவையே இன்றைய கேள்விகள்.

அலுமினியத்தால் படகு கட்டும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. ஆயினும் அது சாதாரண மக்களின் கைக்கு எட்டியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். அமெரிக்காவில் போர் விமானங்களைச் செய்துவந்த கிரம்மன் நிறுவனம், 1945இல் விமானத் தகட்டை வளைக்கும் அதே கைத்திறனைக் கொண்டு 'கனூ' எனப்படும் துடுப்புத் தோணிகளைச் செய்யத் தொடங்கியது. அவற்றின் தகட்டுக் கனம் ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர். எடை குறைந்த வகையிலோ 0.8 மில்லிமீட்டர்தான். இவ்வளவு மெல்லிய தகட்டினாலான தோணிகள் பல பத்தாண்டுகள் கடந்தும் ஆறுகளிலும் ஏரிகளிலும் மிதந்துகொண்டிருக்கின்றன.

இரும்பு இப்படி இருந்தால் சில ஆண்டுகளில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். அலுமினியம் நிலைப்பது ஏன்? அது காற்றோடு சேராத உலோகம் என்பதால் அன்று. மிக விரைவாகச் சேரும் உலோகம் என்பதால்தான். புதிதாக அறுத்த அலுமினியத்தின்மேல் காற்றிலுள்ள பிராணவாயு பட்ட மாத்திரத்தில் அலுமினிய ஆக்சைடு என்னும் படலம் தோன்றிவிடுகிறது. அதன் கனம் சில நானோமீட்டர்களே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இரும்பின் துரு பொருக்காக உதிர்ந்து அடியிலுள்ள உலோகத்தை மீண்டும் மீண்டும் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கிறது. அலுமினியத்தின் படலமோ தோல்போல் ஒட்டிக்கொண்டு உள்ளிருப்பதைக் காக்கிறது. கீறினாலும் தானே ஆறிவிடுகிறது. பழைய படகின்மேல் நாம் காணும் மங்கிய சாம்பல் நிறம் நோயன்று. அது பெரும்பாலும் படகின் கவசம்.

இந்தக் கவசத்துக்கும் பகைவர் உண்டு. முதல் பகை, தேங்கி நிற்கும் உப்பு நீர். உப்பிலுள்ள குளோரைடு படலத்தைத் துளைத்து ஊசிக் குழிகளை உண்டாக்கும். ஈரத் துணியோ நனைந்த பஞ்சு மெத்தையோ தகட்டோடு ஒட்டிக் கிடந்தால், அதன் அடியில் வெள்ளைப் பொடி பூத்துத் தகடு அரிக்கப்படும். இரண்டாம் பகை, கடுமையான அமிலமும் காரமும். காஸ்டிக் சோடா அலுமினியத்தைப் பொங்கப் பொங்கத் தின்னும். அப்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். மூன்றாம் பகை, வேற்று உலோகத்தின் சேர்க்கை. அலுமினியமும் செம்பும் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடும். அதில் கரைவது அலுமினியம்தான்.

இதற்குச் சரித்திரமே சாட்சி. 1895இல் அமெரிக்கக் கோப்பைப் போட்டியில் வென்ற 'டிஃபெண்டர்' என்னும் பாய்க்கப்பலுக்கு, நீர்மட்டத்துக்குக் கீழே வெண்கலத் தகடு. மேலே அலுமினியத் தகடு. உள்ளே எஃகுச் சட்டம். எடை குறைந்ததால் வேகம் கிடைத்தது. ஆனால் மூன்று உலோகங்களும் கடல்நீரில் கூடியதால் அரிப்பு விரைந்து பரவியது. 1901இல் அந்தக் கப்பலை உடைத்துவிட்டார்கள். வென்ற கப்பலின் வாழ்வு ஆறே ஆண்டுகள்!

இனி மெருகுக்கு வருவோம். மெருகேற்றுவது என்றால் கவசத்தையும் அதன் அடியிலுள்ள உலோகத்தில் ஒரு சிறு பகுதியையும் தேய்த்து எடுப்பது என்று பொருள். மெருகு அழகு தரும், காப்புத் தராது. எனவே வேலையைத் தொடங்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

படகு எங்கே நிற்கும்? பயன்படுத்தியபின் கரையேற்றிக் கொட்டகையில் வைக்கும் படகுக்கே மெருகு பொருந்தும். எப்போதும் கடலில் மிதக்கும் படகின் அடிப்பாகத்தில் மெருகு நிலைக்காது. அங்கே முறையான அடிப்பூச்சும், அதன்மேல் செம்பு கலவாத பாசித் தடுப்புப் பூச்சுமே தேவை.

தகடு எந்த நிலையில் இருக்கிறது? வெள்ளைப் பொடி உள்ள இடங்களைச் சுரண்டிக் குழியின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். படகைக் கரையில் உறுதியாகத் தாங்கி நிறுத்தி, உள்ளே சிறிதளவு தண்ணீர் ஊற்றினால், எந்த ரிவெட் ஆணி தளர்ந்திருக்கிறது, எந்தப் பொருத்து கசிகிறது என்பது வெளியிலிருந்தே தெரியும். ஓட்டை விழும் நிலையிலுள்ள தகட்டைத் தேய்ப்பது, கிழிந்த துணியை அடித்துத் துவைப்பது போன்றது. முதலில் பழுது பார்க்க வேண்டும், பிறகுதான் மெருகு.

தகடு எந்த வகை? செம்பு கலந்த விமானத் தகடுகளில் உறுதி மிகுதி; அரிப்பைத் தாங்கும் சக்தி குறைவு. ஆகையால் அவற்றின் இரு பக்கத்திலும் தூய அலுமினியத்தை மெல்லிய தோலாகப் போர்த்துவது வழக்கம். அத்தகைய தகடாக இருந்தால் உப்புத்தாள் போட்டு ஆழமாகத் தேய்க்கவே கூடாது. போர்வை போனால் திரும்ப வராது. மக்னீசியம் கலந்த கடல் தகடுகளுக்கு இந்தக் கவலை இல்லை.

விடைகள் சாதகமாக இருந்தால் வேலையைத் தொடங்கலாம். முதலில் நல்ல தண்ணீரும் மென்மையான சோப்பும் கொண்டு உப்பு, சேறு, எண்ணெய் யாவும் போகக் கழுவ வேண்டும். கறை விடாவிட்டால், அலுமினியத்துக்கென விற்கப்படும் பாஸ்பாரிக் அமிலக் கழுவியை, குறிப்பிட்ட அளவு நீர் சேர்த்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து பயன்படுத்தலாம். அது காயுமுன் நிறைய நீர் விட்டு அலசிவிட வேண்டும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்த கழுவிகளும் கடைகளில் உண்டு. அவை நொடியில் பளபளப்பைத் தரும். ஆனால் அந்த அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமலே உள்ளே இறங்கி எலும்புவரை தாக்கக்கூடியது. அதை வீட்டு வேலைக்குத் தொடாமலிருப்பதே அறிவு.

கீறல் உள்ள இடத்தில் மட்டும் உப்புத்தாள் போதும். 400 எண் தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, பின் 600, 800, 1200 என்று படிப்படியாக மெல்லிய தாளுக்குப் போக வேண்டும். முந்திய தாளின் கோடுகள் மறைந்தபிறகே அடுத்த தாளை எடுக்க வேண்டும். இரும்புப் பஞ்சைக் கொண்டு தேய்க்கலாகாது. அதன் துணுக்குகள் தகட்டில் புதைந்து, பிறகு துருப்புள்ளிகளாக வெளிப்படும். செம்புக் கம்பித் தூரிகையும் ஆகாது. நைலான் தேய்ப்பானே ஏற்றது.

அடுத்து, மின்சாரத்தில் சுழலும் கம்பளிச் சக்கரத்தில் மெருகுக் கட்டியைத் தடவி, முழங்கை அகலமுள்ள சிறு சிறு பகுதியாக மெருகேற்ற வேண்டும். முதலில் வெட்டும் தன்மையுள்ள கட்டி. பிறகு நயமான கட்டி. ஒரு சக்கரத்தில் இரண்டையும் கலக்கக்கூடாது. தேய்க்கும்போது கறுப்பு மை போன்ற கழிவு வரும். அது அழுக்கன்று, தேய்ந்து வந்த அலுமினியமும் கட்டியின் துகளும் சேர்ந்தது. அந்தப் பிசுக்கை நீக்கச் சோளமாவைத் தூவி மென்துணியால் துடைப்பது எளிய வழி. ரிவெட் தலைகளையும் ஓரங்களையும் கையாலேயே தேய்ப்பது நல்லது. சக்கரம் அங்கே அதிகமாகத் தின்றுவிடும். துணியைக் கவ்விக் கையையும் காயப்படுத்தும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நயமான அலுமினியத் தூள் தீப்பற்றக்கூடியது. ஆகவே உலர்ந்த தூள் குவிய விடாமல் அவ்வப்போது அகற்ற வேண்டும். பக்கத்தில் இரும்பைச் சாணை பிடித்துப் பொறி பறக்க விடலாகாது. மூக்குக்கு முகமூடியும் வேண்டும்.

மெருகு ஏறிவிட்டது, படகில் முகம் தெரிகிறது. இப்போது காப்புப் பூச வேண்டும். அதில் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது மெழுகு. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கர்னாபா மெழுகை மெல்லியதாகத் தடவித் துடைத்தால், நீர் ஒட்டாமல் உருண்டோடும். வெயிலிலும் உப்பிலும் அது நெடுநாள் நிற்காது. ஆனால் மீண்டும் பூசுவது சுலபம்.

இரண்டாவது, செயற்கைப் பிசின் கலந்த காப்புத் திரவம். மெழுகைவிட அதிக நாள் உழைக்கும். தேய்ந்தபின் மறுபடியும் பூசலாம்.

மூன்றாவது, தெளிந்த வார்னிஷ் போன்ற கெட்டிப் பூச்சு. ஒரு தரம் பூசினால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் வழுவழுப்பான அலுமினியத்தில் பூச்சு இறுகப் பிடிப்பது அரிது. எங்கேனும் ஒரு கீறல் விழுந்தால் ஈரமும் உப்பும் அதன் வழியே நுழைந்து, பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல நெளிநெளியான அரிப்பு ஓடும். ஈரப்பதம் மிகுந்த நம் கடலோரங்கள் இதற்கு ஏற்ற இடம். அப்போது பூச்சு முழுவதையும் உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். ஆகவே சொந்தக் கையால் வேலை செய்பவர்களுக்கு முதல் இரண்டு வழிகளே உகந்தவை.

எதைப் பூசினாலும் மெருகேற்றிய அன்றே பூசிவிட வேண்டும். பூசுமுன் எண்ணெய்ப் பிசுக்குச் சிறிதும் இருக்கக்கூடாது. கைரேகை பட்ட இடமும் பின்னால் தெரியும்.

இனி, அன்றாடப் பராமரிப்பு. கடலுக்குப் போய்வந்தால் உள்ளும் புறமும் நல்ல நீரால் கழுவி, வடியவிட்டு, காயவைக்க வேண்டும். துருவேறாத எஃகு ஆணிகளைப் பொருத்தும்போது இடையில் நைலான் வளையமும் காப்புப் பசையும் வேண்டும். பின்பலகை உளுத்துவிட்டதென்று புதியது போடும்போது, கறையானுக்காகச் செம்பு உப்பு ஏற்றிய மரத்தை வாங்கக்கூடாது. ஈரத்தில் அந்தச் செம்பு கசிந்து தகட்டை அரிக்கும். படகின் அடியில் விழுந்து கிடக்கும் செம்புக் காசும் அதே தீங்கைச் செய்யும். அதைப் பொறுக்கி எடுக்க ஒரு நிமிடம் போதும். அது இட்ட துளையை அடைக்க ஒரு நாள் வேண்டும்.

நேயர்களே, மங்கிய படகு தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. மின்னும் படகை நாம் காக்க வேண்டும். கழுவவும் காயவைக்கவும் மறுபூச்சுப் பூசவும் நேரம் உண்டென்றால் மெருகேற்றுவோம். படகு பார்ப்பதற்கும் இனிதாக இருக்கும். நேரம் இல்லையென்றால் அந்தச் சாம்பல் நிறத்தை அப்படியே விட்டுவிட்டு, ரிவெட்டையும் பொருத்தையும் மட்டும் சரிபார்ப்போம். நீரில் இறங்கியபின் நம் உயிரைத் தாங்குவது ஒரு மில்லிமீட்டர் தகடு. அதைத் தேவையின்றித் தேய்க்காமலிருப்பதும் பராமரிப்புத்தான்.