இழுப்பதா, சுமப்பதா?

செஞ்சிக் கோட்டையை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்ட முகலாயப் படைக்கு ராஜகிரி மலையின் உயரத்தைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது: பாரம். பீரங்கி, வெடிமருந்து, தானியம் எல்லாம் மாட்டு முதுகிலும் மாட்டு வண்டியிலும் வந்து சேர வேண்டும். 1692 இறுதியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் குதிரைப்படையோடு வந்து வழிகளை மறித்ததும், முற்றுகையிட்டவர்களே பட்டினியில் மாட்டிக்கொண்டார்கள். முகலாயத் தளபதி சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினான். அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பு ஔரங்கசீப்பின் படையோடு பயணம் செய்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், பெரிய பீரங்கி ஒன்றை இழுக்க இருபது ஜோடி மாடு வரை பூட்டியதையும், மேடு வந்தால் யானைகள் சக்கரங்களைத் தலையாலும் துதிக்கையாலும் தள்ளியதையும் எழுதிவைத்திருக்கிறார். குதிரை சண்டைக்கு, பாரத்துக்கு மாடும் யானையும். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜாவின் குதிரையை இன்றும் கதையாகச் சொல்லும் இந்த ஊரில்கூட நெல் வண்டியில் யாரும் குதிரையைப் பூட்டியதாகக் கேள்விப்பட்டதில்லை.

இப்போது அதே மலையடிவாரத்தில், ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரி மலைக்கும் நடுவே போகும் திருவண்ணாமலை சாலையில், சனி ஞாயிறுகளில் மகிந்திராவின் தார் ஜீப்புகள் வரிசையாக வருகின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை சேர்ந்த பிறகு கேட்கவே வேண்டாம். அகலமான டயர், முன்னால் வின்ச், பின்னால் கொக்கி. அந்தக் கொக்கியில் எதையாவது மாட்டி இழுப்பவரைக் காண்பதுதான் அரிது. ஆனாலும் வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: தோட்டத்துக்கு ஒரு டிரெய்லர் இழுக்க வேண்டுமென்றால் இது போதாதா, லாரிதான் வேண்டுமா?

இதற்கான பதில் கட்டைவண்டிக்காரர்களிடம் இருந்தது. இரண்டு சக்கர வண்டியில் மூட்டை அடுக்கும்போது அவர்கள் முதலில் பார்த்தது முன்பாரம், பின்பாரம். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஆகவே பாரத்தில் ஒரு சிறு பங்கு மட்டும் கழுத்தில் நிற்கும்படி ஒரு மூட்டையை முன்னே தள்ளி, ஒன்றைப் பின்னே இழுத்து, நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்துச் சரிசெய்வார்கள். இன்று அமெரிக்காவில் டிரெய்லர் விற்பவர்கள் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் விழ வேண்டும் என்று அச்சடித்துக் கொடுப்பதும் இதே கணக்குதான். அது குறைந்தால் வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, இழுக்கும் வண்டியையும் சேர்த்து ஆட்டிவிடும்.

ஜீப்பின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 1940களின் இறுதியில் மகிந்திரா பம்பாயில் பூட்டிக் கொடுத்த வில்லிஸ் ஜீப்பில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 80 அங்குலம்தான். உலகப் போரில் அதன் பின்னால் ஓடிய டிரெய்லர் கால் டன் சுமப்பது. இன்றைய மூன்று கதவு தாரில் அந்த இடைவெளி 2,450 மில்லிமீட்டர், வண்டியின் எடை இரண்டு டன்னுக்கும் குறைவு. குட்டையான வண்டி சேற்றிலும் பாறையிலும் வளைந்து நெளிந்து ஏறும். அதே குறுகிய நீளம்தான் பின்னால் பாரம் தள்ளும்போது வண்டியைச் சுலபமாகத் திருப்பிவிடும். அமெரிக்க ஜீப் ராங்க்லரின் நான்கு கதவு வண்டிக்கே நெடுங்காலம் இழுவை வரம்பு 3,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,590 கிலோவாகத்தான் இருந்தது.

செஞ்சிக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வரும் நெல் மூட்டை 75 கிலோ. நாற்பது மூட்டை என்றால் மூன்று டன். டிரெய்லர் பெட்டியின் எடை வேறு. தார் டீசல் என்ஜினின் திறன் 130 குதிரைத்திறன், பக்கத்தில் நிற்கும் டிராக்டருக்கு 45. எண்ணைப் பார்த்தால் ஜீப் மூன்று டிராக்டருக்குச் சமம். நெல் ஏற்றிய பெட்டியை மாட்டிப் பாருங்கள், கதை மாறிவிடும். டிராக்டரின் கியர் மெதுவாக இழுப்பதற்கென்றே அமைந்தது. இரண்டு சக்கரப் பெட்டியின் முன்பாரம் டிராக்டரின் பெரிய பின் டயர்களின் மேல் விழுந்து, ஈர மண்ணில் பிடிமானத்தைக் கூட்டுகிறது. அளவு மீறினால் முன் சக்கரம் தூக்கும், ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இழுப்பது பாதி வேலை, நிறுத்துவதுதான் மீதி. பல டிராக்டர் பெட்டிகளில் தனி பிரேக் கிடையாது. மெதுவாகப் போவதே அவற்றின் பிரேக். ஜீப்போ எண்பதில் போகத் தூண்டும் வண்டி. தன்னைப்போல் இரண்டு மடங்கு எடையைப் பின்னால் கட்டிக்கொண்டு எண்பதில் போகிறவருக்கு என்ஜின் எத்தனை குதிரையாக இருந்து என்ன?

லாரி இதை வேறு விதமாகத் தீர்த்தது. நீண்ட டிரெய்லர் லாரியில் பாரத்தின் ஒரு பெரும் பங்கு இழுக்கும் வண்டியின் முதுகிலேயே உட்காருகிறது; ஒவ்வொரு அச்சுக்கும் காற்று பிரேக். 2018இல் இத்தகைய வண்டிகளுக்கு அனுமதித்த மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்ந்தது. ஆனால் அந்த வண்டி வயல் வரப்புக்கு வராது.

இதற்கிடையே ஊர் சத்தமில்லாமல் வேறொரு முடிவுக்கு வந்துவிட்டது. 2005இல் டாடா ஏஸ் வந்தது. மக்கள் அதைக் குட்டி யானை என்றார்கள். கூடவே பொலிரோ பிக்கப். காய்கறி, தீவனம், ஆடு, பந்தல் கம்பு எல்லாம் முதுகில் ஏறிவிட்டன. அறுவடை மிஷின்கூடப் பல நேரம் தானாக ஓடி வருவதில்லை, லாரியின் மேல் ஏறி வருகிறது. இழுத்த ஊர் சுமக்கப் பழகிவிட்டது. எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது: கொக்கி இல்லாத இடத்தில் ஆட்டமும் இல்லை.

இழுவை மிச்சமிருப்பது இரண்டு இடத்தில். ஒன்று, டிராக்டர் பெட்டி. இரவில் பின்விளக்கு இல்லாமல் நெடுஞ்சாலையில் ஊர்ந்து போகும் பெட்டி எந்த ஜீப்பையும்விட ஆபத்தானது, ஒளிரும் பட்டை ஒன்றை ஒட்டக்கூடப் பலருக்கு மனம் வருவதில்லை. மற்றொன்று, பழுதான வண்டி. 2017 வரை நடைமுறையில் இருந்த 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகள் இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் இடையே ஐந்து மீட்டருக்கு மேல் கூடாது என்றன. இழுபடும் வண்டியின் ஸ்டியரிங்கில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும், வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்றும் அவை கூறின. ஜீப் வைத்திருப்பவர் பக்கத்து வீட்டுக் காரை மெக்கானிக் கடை வரை கொண்டுபோய் விடலாம், அதற்கு அது தாராளம். நெல் ஏற்ற வேண்டுமென்றால் டிராக்டரை வாடகைக்குப் பிடிப்பதே மேல்.